அணைத்து வைத்த திரை

ஐயம்பெருமாள் நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், ஒரு பொருளை வாங்குவது அவருக்கு ஒரு பொழுதில் முடிகிற காரியமாக இருந்ததில்லை. கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருகிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபடி கூடையில் போட்டு, வேறொன்றை எடுத்து, கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்கி வருகிறவர். அப்படிப்பட்டவர் பெரிய டி.வி. ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னதும், கோவில்பட்டி மேட்டுத் தெருவில் இருந்த அத்தனை பேரும் இனிக் கொஞ்ச நாளைக்கு வேடிக்கைக்குக் குறைவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லா டி.வி.யிலும் ஒரே சேனலை வைக்கச் சொல்லி, இடது ஓரம் நின்று ஒரு தரம், வலது ஓரம் நின்று ஒரு தரம், குத்தவைத்து உட்கார்ந்து ஒரு தரம் பார்த்தார். கிரிக்கெட் மைதானத்துப் புல், புல்லின் நிறத்தில் இருக்கிறதா, பச்சை மையைக் கொட்டியது போல் இருக்கிறதா என்று பார்த்தார். செய்தி வாசிக்கிற பெண்ணின் கூந்தலில் இழை இழையாகப் பிரிந்து தெரிகிறதா என்று, மில்லில் நூலைப் பார்த்தது போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவர் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுகிற நிலைமை வந்த பிறகுதான், அறுபத்தைந்து இஞ்ச் டி.வி. ஒன்று அட்டைப்பெட்டிக்குள் நின்றவாக்கில் சரக்கு ஆட்டோவில் ஏறி மேட்டுத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. பிடிக்கவில்லை என்றால் மாதக் கடைசிக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மாட்ட வந்தவர்கள் சோபாவுக்கு எதிர்ச்சுவரில் அதை மாட்டிவிட்டுப் போனதும், அவர் மனைவி ஆவுடைத்தங்கத்தைக் கூப்பிட்டார்.

"தங்கம், அந்தக் கடைசி நாற்காலில போய் உக்காரு. அங்கேருந்து பாத்தா அந்தப் பொம்பளை முகம் வெளுக்குதா?"

"வெளுக்கல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அவ மேக்கப்பே வெள்ளையாத்தான் போட்டிருக்கா. அதுக்கு டி.வி. என்ன செய்யும்?"

நிறம் சரியாக இருந்தது, சத்தம் சரியாக இருந்தது, தூரமும் சரியாக இருந்தது. பகல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து கூசுகிறதா என்பது மட்டும்தான் பாக்கி. ஐயம்பெருமாள் ஜன்னல் திரையை முழுக்க விலக்கிவிட்டு, ரிமோட்டை அமுக்கி டி.வி.யை அணைத்தார். கறுத்துப்போன அந்தப் பெரிய கண்ணாடியில் ஜன்னல் கம்பி தெரிந்தது, காலண்டர் தெரிந்தது, சோபா தெரிந்தது, அவரும் ஆவுடைத்தங்கமும் தெரிந்தார்கள். அவர் காலடியில் சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் காமாலையில் செத்துப்போன அவருடைய அண்ணன், ஊதாக் கட்டம்போட்ட லுங்கியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் ஆவுடைத்தங்கத்தின் அம்மா, மாரடைப்பில் போனவள், மடியில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தாள்.

ஐயம்பெருமாள் திரும்பித் தரையைப் பார்த்தார். தரையில் யாரும் இல்லை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அண்ணன் இருந்தார்.

"ரிஃப்ளெக்ஷன் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

"ஒங்க அண்ணன் ரொம்ப எளச்சுட்டாக" என்றாள் ஆவுடைத்தங்கம்.

மறுநாள் புகாரின் பேரில் சர்வீஸ்காரர் வந்தார். டி.வி.யை அணைத்துப் பார்த்தார். கண்ணாடியில் தன் தோளுக்குப் பின்னால் தன்னுடைய தகப்பனார் நிற்பதைப் பார்த்தார். பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்துக் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைத்தார். தகப்பனார் முன்னைவிடத் தெளிவானார். "பேனல்ல ஒரு கோளாறும் இல்ல சார். கனமான கர்ட்டன் போட்டீங்கன்னா குறைஞ்சுரும்" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, அதை வெகுநேரம் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்து, போகும்போது வாசல்படியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் வழியாகத்தான் விஷயம் வெளியே போனதென்று சிலர் சொன்னார்கள். ஆவுடைத்தங்கமே பக்கத்து வீட்டுச் சீனியம்மாளிடம் சொன்னாள் என்று சிலர் சொன்னார்கள். எப்படியோ, அந்த வாரம் முடிவதற்குள் மேட்டுத் தெரு மொத்தமும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அந்தச் சோபாவில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. யார் வந்து உட்காருகிறார்களோ அவர்களுடைய செத்தவர்கள் கண்ணாடியில் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசவில்லை, சைகை காட்டவில்லை, பக்கத்தில் இருக்கிறவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நாம்தான் டி.வி.யில் ஓடுகிற படம் என்பது போல. காலை வெயிலில் அவர்கள் பளிச்சென்றும், மேகம் மூடினால் மங்கலாகவும் தெரிந்தார்கள். டி.வி.யைப் போட்டால் படத்துக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

சீனியம்மாள் தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். லாரியில் அடிபட்டுச் செத்த புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, "வெண்டைக்கா ஒமக்குத்தான் ஆகாதே, பாத்துக்கிட்டே இரும்" என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டாள். பரீட்சை எழுதியவர்கள் மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடிக்கு நேரே விரித்துக் காட்டினார்கள். பிறந்த குழந்தைகளைத் தூக்கி வந்து முகத்தைத் திருப்பிக் காட்டினார்கள். கல்யாணம் நிச்சயமானால் தாம்பூலத் தட்டு முதலில் ஐயம்பெருமாள் வீட்டுக்குத்தான் வந்தது. சொத்துப் பிரிப்பதில் சண்டைபோட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், அப்பாவே சொல்லட்டும் என்று வந்து உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் அப்பா இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டேயிருக்க, சாயங்காலம்வரை இருந்துவிட்டு இருவரும் ஒரே சைக்கிளில் திரும்பிப் போனார்கள்.

தையல்கடைக் காசிராஜன் கடையைச் சாத்திவிட்டு வருவார். அவருடைய சின்ன மகன் கண்மாயில் மூழ்கிப் போனவன். கண்ணாடியில் அவன் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் மடியில் உட்காருவான். அவர் ஒரு துண்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, துண்டு நனைகிறதா என்று அவ்வப்போது தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அது எப்போதும் காய்ந்தே இருக்கும்.

எல்லாருக்கும் யாராவது இருந்தார்கள். ஐயம்பெருமாளுக்கும் ஆவுடைத்தங்கத்துக்கும் இருக்க வேண்டிய ஓர் ஆள் மட்டும் அதில் இல்லை என்பதைத் தெரு முதல் நாளே கவனித்துவிட்டது, ஏனென்றால் அந்த ஆளுடைய சாவுப் போஸ்டரைத் தெருவில் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், சுகந்தி. அவள் கூடப் படித்த ரூபன் என்கிற, வேறு சாதிப் பையனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டபோது, ஐயம்பெருமாள் போலீசுக்குப் போகவில்லை, ஆள் வைத்துத் தேடவில்லை. கல்லூரிக்கு எடுத்த அவளுடைய போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்து, கறுப்புக் கரைபோட்ட கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அடித்து, மேட்டுத் தெருவில் முதல் வீட்டுச் சுவரிலிருந்து கடைசி வீட்டுச் சுவர்வரை தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார். பிறகு குளத்தில் போய்த் தலைமுழுகிவிட்டு வந்து, "துக்கத்துக்குப் புடவை மாத்திக்கிறதா இருந்தா மாத்திக்க, இன்னையோட எனக்கு மகள் இல்ல" என்று ஆவுடைத்தங்கத்திடம் சொன்னார். அவள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. மழை வந்து போஸ்டர் கிழிந்து தொங்கி, ஆடுகள் தின்று, வெள்ளையடித்த சுவர்களில் அந்தச் சதுரங்கள் மட்டும் நிறம் மாறி வெகுகாலம் நின்றன. மகள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் கேட்டதில்லை. சத்தமே இல்லாமல் போன அந்த வீட்டுக்கு ஒரு சத்தம் வேண்டும் என்றுதான் அவர் டி.வி. வாங்கினாரோ என்னவோ, அவர் சொல்லவில்லை.

இப்போது ஆவுடைத்தங்கம் விடிந்ததும் பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். அம்மா இருக்கிறாளா, இருக்கிறாள். பெரிய அத்தான் இருக்கிறாரா, இருக்கிறார். மாமியார், சித்தி, சின்னத் தாத்தா, எல்லாரும் இருக்கிறார்களா, இருக்கிறார்கள். கூடுதலாக ஒருத்தி இருக்கிறாளா? இல்லை. அவள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக அடுப்படிக்குப் போனாள். போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து அவள் முகத்தில் பார்க்காத சிரிப்பு அது. மகளிடமிருந்து தினமும் ஒரு சேதி வருவது போலவும், நல்லா இருக்கேம்மா என்பது மட்டுமே அந்தச் சேதி என்பது போலவும் அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

"ஒம் மகளக் காணுமே மதினி" என்று சீனியம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"காணும்" என்றாள் ஆவுடைத்தங்கம், சந்தோஷமாக.

அது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. யாரோ சிரிப்பை அடக்கியது ஐயம்பெருமாளுக்குக் கேட்டது. அன்று சாயங்காலம் அவர், "இந்த டி.வி. சரியில்ல. கடைக்காரங்கிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு வந்து எடுத்துக்கிருவான்" என்றார்.

"எது சரியில்ல?"

"இல்லாததக் காட்டுது."

"உசுரோட இருக்கிறவளக் காட்டலன்னு சொல்லுங்க. செத்துட்டான்னு நீங்க ஒட்டுனீங்க, அது இல்லங்குது. அதான ஒங்களுக்குக் கோவம்?" ஆவுடைத்தங்கம் ஒருநாளும் அவர் முன்னால் குரலை உயர்த்தியவள் இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை. "டி.வி. இந்த வாசலத் தாண்டினா, பின்னாடியே நானும் தாண்டுவேன். எம் புள்ள உசுரோட இருக்கான்னு எனக்கு வேற யாரு சொல்லுவா?"

மறுநாள் கடை வண்டி வந்தபோது ஐயம்பெருமாள் வாசலுக்கு வந்து, வேண்டாம் என்று கையை ஆட்டி அனுப்பிவைத்தார்.

இப்படியே ஆடி போய், ஆவணி பிறந்து, சாயங்காலத்தில் மேகம் கூடத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் காலையில் ஆவுடைத்தங்கம் எழுந்து வந்தபோது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மூட்டுவலித் தைலம் விற்கிற நிகழ்ச்சி. ஐயம்பெருமாள் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தினமும் பார்க்கிறதைப் பார்க்க வேண்டும் என்று நின்றாள். அவர் ரிமோட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் அணைங்க."

"பாத்துக்கிட்டிருக்கேன்ல."

அன்றைக்கு அவர் அணைக்கவில்லை, அடுத்த நாளும் அணைக்கவில்லை. செய்தி, கிரிக்கெட், சமையல், தெலுங்குப் படம், பாட்டு, பட்டிமன்றம் என்று எதுவாக இருந்தாலும் அது ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்தே இருந்தார், அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே கண்ணயர்ந்தார். சாப்பாட்டுத் தட்டோடு வந்த சீனியம்மாள் வாசலில் நின்று, "அண்ணாச்சி, நான் சாப்பிடுற நேரம் மட்டும்" என்று கேட்டாள். அவர் தலையைத் திருப்பவில்லை. காசிராஜன் துண்டோடு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் போனதும் தெரு அவரைத் திட்டத் தொடங்கியது. பொண்டாட்டி எதிர்த்துப் பேசிவிட்டாள் என்கிற வீம்பில் ஊர்ச் சனத்தின் செத்தவர்களையெல்லாம் மறைத்து வைத்திருக்கிறான் என்றார்கள். "மகளக் கொன்னது பத்தாதுன்னு எம் புருஷன ரெண்டாந்தரம் கொல்றான்" என்று சீனியம்மாள் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அத்தனையும் ஜன்னல் வழியாக அவர் காதில் விழுந்தது. அவர் சத்தத்தைக்கூடக் கூட்டிவைக்கவில்லை.

ஆவுடைத்தங்கம் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனாலும் ஒன்றிரண்டு விஷயங்கள் அவள் கண்ணில் பட்டன. சோபாவின் நடுவில் சம்மணம்போட்டு உட்காருகிறவர் இப்போது ஓரத்தில் ஒடுங்கி உட்காருகிறார். இடது தோளை அசைக்காமல் வைத்துக்கொள்கிறார். மின்விசிறியை அந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கிறார். வயதாகிவிட்டது, தோள் வலிக்கும் என்று நினைத்துக்கொண்டாள், கேட்கவில்லை.

மின்வாரியத்தின் பராமரிப்பு வேலைக்காக நாளைக்குப் பகல் முழுக்க கரண்ட் இருக்காது என்று பேப்பரில் வந்த அன்று, அவராகவே அவளிடம் வந்து பேசினார். "எட்டயபுரத்துல ஒந் தங்கச்சியப் பாத்து நாளாச்சே. காலைல போயிட்டு, ராத்தங்கிட்டு வாயேன்." அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காததால் அவளும் சரி என்று கிளம்பிப் போனாள். போனால், தங்கச்சி வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

மேட்டுத் தெருவுக்குள் நுழையும்போது வெயில் உச்சியில் இருந்தது. வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. பல வாரமாகக் காதைத் துளைத்த சத்தம் இல்லை. உள்ளே அவர் யாரோடோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு விக்கெட் போயிருச்சும்மா. கவலப்படாத, இன்னும் ஆளு இருக்காங்க. மத்தியானத்துக்கு மேல பிட்ச் கொஞ்சம் ஈஸியாயிரும்."

பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல், ஸ்கோர் என்னப்பா என்று கேட்டுக்கொண்டே அவர் தோளில் சாய்ந்து உட்காருகிற சுகந்திக்கு அவர் சொல்லுகிற குரல் அது. ஆவுடைத்தங்கம் கதவைத் தள்ளினாள். டி.வி. அணைந்து கறுத்திருந்தது. ஜன்னல் வழியாக மொத்த வெயிலும் கூடத்துக்குள் வந்திருந்தது. கண்ணாடியில் சோபாவின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது தோளில் தலையைச் சாய்த்து, முகம் வெளிறி, முடி கலைந்து, ஆஸ்பத்திரியில் உடுத்துகிற பச்சை அங்கியோடு, சுகந்தி உட்கார்ந்திருந்தாள்.

ஆவுடைத்தங்கம் கத்தவில்லை. கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, போய்ச் சோபாவின் இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் இருந்த மெத்தையில் கையை வைத்துப் பார்த்தாள். அது வெயிலில் சூடாக இருந்தது, வெறுமையாக இருந்தது.

"என்னைக்கு?" என்றாள்.

"தெரியல. அன்னைக்கு விடியக்காலைல ஒனக்கு முன்னாடி நான் எந்திரிச்சேன். திரைய விலக்கினேன். உக்காந்திருந்தா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ தெனமும் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே அடுப்படிக்குப் போவ, தங்கம்." அவர் இடது தோளை அசைக்காமலே பேசினார். "அத நிறுத்த எனக்குத் தைரியம் வரல. இன்னும் ஒருநாள், இன்னும் ஒருநாள்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

அதன் பிறகுதான் அவள் அழுத சத்தம் தெருவுக்குக் கேட்டது. முதலில் ஓடி வந்தவள் சீனியம்மாள். கண்ணாடியைப் பார்த்தாள், ஐயம்பெருமாளைப் பார்த்தாள், அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, "ஐயோ அண்ணாச்சி, நா நாக்கால சுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். பெண்கள் ஆவுடைத்தங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். மேட்டுத் தெருவில் அன்று யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. போஸ்டர் ஒட்டியபோது யாரும் அழாத சாவுக்கு அன்றுதான் அழுதார்கள்.

சுகந்தியும் ரூபனும் தூத்துக்குடியில் இருந்தது தெருவில் பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது. ஐயம்பெருமாளுக்குப் பயந்து யாரும் சொன்னதில்லை. காசிராஜன் விலாசம் சொன்னார். கோவில்பட்டியிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்க நிற்க, இவ்வளவு பக்கத்திலா, இவ்வளவு பக்கத்திலா என்று ஆவுடைத்தங்கம் வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தாள்.

துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் புழுதி கிளப்புகிற ஒரு சந்தில், ஒற்றை அறையும் அடுப்படியுமாக இருந்தது அந்த வீடு. கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண்குழந்தை. இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்பா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே கத்தியது. ரூபன் வந்தான். சவரம் செய்யாத முகம். அடையாளம் தெரிந்ததும் அவன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சுவரில் சுகந்தியின் போட்டோவுக்குக் கீழே சின்ன பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"காய்ச்சல்னு கூட்டிட்டுப் போனோம். ரத்தத்துல தட்டணு கொறஞ்சிருச்சுன்னாங்க. நாலு நாள்ல முடிஞ்சிருச்சு" என்றான்.

"எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேய்யா" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"நீங்கதான் அப்பவே போஸ்டர் ஒட்டிட்டீங்களே" என்றான் ரூபன். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு ஆளு சாவ எத்தன தடவ சொல்லுறது?"

ஐயம்பெருமாள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றபடியே, டி.வி.யைப் பற்றியும் அதில் அவள் வந்து உட்காருவதைப் பற்றியும் சொன்னார். ரூபன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஆச்சரியப்படவில்லை, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு அதெல்லாம் ஒரு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

"பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. அவ அம்மாவப் பாக்கட்டும்" என்றார் ஐயம்பெருமாள்.

"மிருதுளா தெனமும் கேக்குறா, அம்மா எப்ப வருவான்னு. என்ன சொல்லுறதுன்னு எனக்குத் தெரியல." அவன் குழந்தையின் தலையில் கையை வைத்தான். "ஆனா அந்தத் தெருவுக்கு நான் வரமாட்டேன். எம் பிள்ளையும் வராது. அவ உசுரோட இருக்கும்போது செத்துட்டான்னு ஒட்டுன சுவரையெல்லாம் தாண்டித்தான ஒங்க வீட்டுக்கு வரணும்?"

திரும்பி வந்த அன்று ஐயம்பெருமாள் வீடு வீடாகப் போனார். வாழ்நாளில் யாரிடமும் ஒரு கைமாற்றுச் சுத்தியல்கூடக் கேட்டறியாத மனிதர், ஒவ்வொரு வாசலிலும் நின்று, டி.வி.யைப் பேத்திக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். அது போனால் அவர்கள் எல்லாருக்கும் என்ன போகும் என்று அவருக்குத் தெரியும். சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். சொத்துக்குச் சண்டைபோட்ட அண்ணன் தம்பி இரண்டு பேரும், எடுத்துட்டுப் போங்க மாமா என்றார்கள். காசிராஜன் மட்டும் மிஷினை மிதித்துக்கொண்டேயிருந்தார். நூல் தீர்ந்து, ஊசி வெறுந்துணியில் ஏறி இறங்கியது. பிறகு காலை எடுத்தார்.

"அந்தப் புள்ளைக்கு அம்மா பாதியில போயிட்டா. எனக்கு எம் மகனக் கொஞ்ச நாளு திருப்பிப் பாக்கக் கெடச்சதே பெருசு" என்றார். "ஒரு மத்தியானம் மட்டும் குடுங்க அண்ணாச்சி."

அந்த மத்தியானம் தெரு மொத்தமும் முறை வைத்து வந்தது. தலைசீவி, பவுடர் போட்டு, நல்ல துணி உடுத்தி வந்தார்கள். ஒருவர் இருக்கும்போது மற்றவர்கள் வெளியே நின்றார்கள். கடைசியாகக் காசிராஜன் போனார். அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க யாரும் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெளியே வந்து, மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, டி.வி. கண்ணாடியில் கீறல் விழாமல் சுற்றுவதற்குக் கடையிலிருந்து பழைய போர்வைகளை எடுத்து வந்தவரும் அவர்தான்.

தூத்துக்குடியில் அந்த ஒற்றை அறையின் ஒரு சுவர் முழுவதையும் டி.வி. அடைத்துக்கொண்டது. அதற்கு எதிரே உட்கார்ந்தால் கால் நீட்ட இடமில்லை. ரூபன் ஆணி அடிக்க ஏணியைப் பிடித்துக்கொண்டான். மாட்டி முடிந்ததும் வாசல்படியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆவுடைத்தங்கம் தரையில் பாயை விரித்தாள். ஐயம்பெருமாள் ஜன்னல் கதவைத் திறந்தார். வெளிச்சம் வந்து கண்ணாடியில் விழுந்தது. பாயில் மிருதுளா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுகந்தி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா" என்றாள் மிருதுளா, கடைக்குப் போய்விட்டு வந்தவளைக் கூப்பிடுவது போல.

எழுந்து போய்க் கண்ணாடியைத் தொட்டாள். டி.வி.க்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டுத் தேடினாள். திரும்பி வந்து பாயின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்றதும், கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, கொஞ்சங்கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தாள். கண்ணாடியில் தான் சரியாக அம்மாவின் மடிக்குள் வந்துவிட்டோம் என்று தெரிகிறவரை நகர்ந்து, அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா ஏன் பேச மாட்டேங்குறா?"

வாசல்படியில் ரூபனின் முதுகு குலுங்கியது. மிருதுளா மறுபடி கேட்கவில்லை. அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே லாரிகள் போயின. ஆவுடைத்தங்கம் மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

பிறகு குழந்தை நெளிந்தது. ஐயம்பெருமாளைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, இதுல கார்ட்டூன் வராதா?" என்றது.

அந்தக் குழந்தை அவரை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆவுடைத்தங்கம் வேண்டாம் என்பது போலக் கையைத் தூக்கினாள். ஐயம்பெருமாள் ரிமோட்டைப் பிடித்தபடி கண்ணாடியில் சுகந்தியைப் பார்த்தார். அவள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், படம் எப்போது போடுவார்கள் என்று காத்திருக்கிறவளைப் போல. ஆவுடைத்தங்கத்தின் கை மெல்ல இறங்கியது.

அவர் பொத்தானை அமுக்கினார்.

சுகந்தி மறைந்தாள். அறை முழுக்க மஞ்சளும் ஊதாவும் பரவியது. ஒரு முயல் ஓடி வந்து குழிக்குள் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. மிருதுளா கலகலவென்று சிரித்தாள். சிரித்தாலும் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை.

வாசல்படியிலிருந்து ரூபன் எழுந்து உள்ளே வந்தான். உட்கார வேறு இடமில்லாததால் ஐயம்பெருமாளின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க மாமா" என்றான். "அவளுக்கும் கேக்கட்டும்."

ஐயம்பெருமாள் கூட்டினார்.